கோலார் தங்கமும் மெட்னர் பிளேட்டும்

ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் தன் கடைசிக் காலத்தில் எழுதிய நான்கு பாட்டுகள் 1950 மே 22 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் முதன்முதலாக அரங்கேறின. எழுதியவர் எட்டு மாதம் முன்பே காலமாகிவிட்டார். பாடியவர் நார்வே நாட்டு கிர்ஸ்டன் ஃப்ளாக்ஸ்டாட். ஃபில்ஹார்மோனியா இசைக்குழுவை நடத்தியவர் வில்ஹெல்ம் ஃபுர்ட்வாங்லர். அந்தக் கச்சேரிக்கு 4,800 டாலர் உத்தரவாதம் கொடுத்த மனிதர் மட்டும் அரங்கத்தில் இல்லை. கச்சேரியைப் பதிவு செய்து மைசூருக்கு அனுப்பிவைத்தால் போதும் என்று சொல்லியிருந்தார். அவர் ஜெயசாமராஜ உடையார். அப்போது வயது 30.

பெங்களூரில் ஜே.சி. ரோடு என்று பஸ் கண்டக்டர்கள் நாள் முழுக்கக் கூவுவது அவர் பெயரைத்தான். கடைசி மகாராஜா, தசரா ஊர்வலத்து யானை அம்பாரி, அதற்குப் பிறகு கவர்னர் பதவி என்று அவரைப் பற்றி எல்லாருக்கும் கொஞ்சம் தெரியும். 1964 முதல் 1966 வரை அவர் மதராஸ் கவர்னராகக் கிண்டியில் இருந்ததும் வயதானவர்களுக்கு நினைவிருக்கலாம். நிக்கோலாய் மெட்னர் என்ற பெரிய பியானோ மேதையின் விரல்கள் இன்றைக்கும் நமக்குக் கேட்கின்றன என்றால் அதற்குக் காரணம் இவருடைய பணம் என்பதை மட்டும் இங்கே யாரும் பேசுவதில்லை. அந்தப் பணத்தில் தமிழன் உழைப்பும் சேர்ந்திருந்தது என்பதை நான் எங்கேயும் படித்ததே இல்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

நான் பிறந்தது சிவாஜிநகரில், நாராயண பிள்ளை தெருவை ஒட்டிய ஒரு சந்தில். 1809-இல் ஆங்கிலேயர் இங்கே தண்டு போட்டபோது மதராஸ் படையோடு தமிழர்கள் வந்தார்கள். சிப்பாய்களுக்குப் பின்னால் குத்தகைக்காரர்கள் வந்தார்கள், தையல்காரர்கள், கொத்தனார்கள், சமையல்காரர்கள் வந்தார்கள். தண்டு மாரியம்மன் கோயிலும், செப்டம்பர் 8-க்கு ஊரே திரளும் மாதா கோயிலும், 1927-இல் எழும்பிய ரஸ்ஸல் மார்க்கெட்டும் அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையின் சாட்சிகள். 1881-இல் மைசூர் சமஸ்தானம் உடையார்களிடம் திரும்பியபோதும் எங்கள் பகுதி திரும்பவில்லை. சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன் என்ற பெயரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் கையிலேயே இருந்தது. 1947 ஜூலை 26-ஆம் தேதிதான் மைசூரோடு சேர்ந்தோம். அதுவரை உடையார் எங்களுக்கு அடுத்த ஊர் ராஜா. அவருடைய பெங்களூர் அரண்மனையோ எங்கள் சந்திலிருந்து நடந்து போகும் தூரம்.

தண்டில் வளர்ந்த காதுக்கு மேல்நாட்டு இசை அந்நியம் கிடையாது. பரேடு மைதானத்தில் பாண்டு வாசிப்பு, ஞாயிறு பூசையில் பாடகர் குழு, ஆங்கிலோ-இந்தியர் வீட்டு ஜன்னல்களில் டிரினிட்டி காலேஜ் பரீட்சைக்குப் பியானோ அடிக்கும் பிள்ளைகள். அதே தெருவில் கல்யாண வீட்டு நாகஸ்வரம். இரண்டையும் ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்து சேர்த்தது கிராமபோன்.

அந்தப் பெட்டியைப் பழுது பார்ப்பதுதான் என் அப்பாவின் தொழில். தாத்தா வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்கவயலுக்குப் போய் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். அப்பாவைச் சுரங்கத்துக்கு அனுப்ப அவருக்கு மனமில்லை. மாரிக்குப்பத்தில் ரயிலேற்றி விட்டார். அப்பா கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி ஒரு கிராமபோன் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு சொந்தமாகக் கடை வைத்தார். ஸ்பிரிங் அறுந்தால் மாற்றுவது, சவுண்ட்பாக்ஸின் மைக்கா தகடு விரிந்தால் வேறு போடுவது, சாவி கொடுத்த பெட்டி நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுகிறதா என்று வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற பாகத்தைத் திருகி நிலைப்படுத்துவது. பெட்டி சரியாகிவிட்டதா என்று பார்க்கப் பிளேட்டு வேண்டுமே. கிட்டப்பாவும் பாகவதரும் எங்கள் கடையில் பாடாத நாள் இல்லை. ஒரு பக்கம் ஓடியதும் எஃகு ஊசியை மாற்ற வேண்டும் என்பதில் அப்பா கண்டிப்பானவர். பழைய ஊசி பிளேட்டைத் தின்றுவிடும் என்பார்.

சுதந்திரத்துக்குப் பின் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் ஒன்றொன்றாக ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கப்பலேறின. பியானோ, அலமாரி, பிளேட்டு எல்லாம் கிடைத்த விலைக்குப் போயின. அப்படி ஒரு வீட்டார், பல வருஷம் தங்கள் பெட்டியைப் பார்த்துக்கொடுத்த நன்றிக்கு அப்பாவிடம் ஒரு கனமான ஆல்பத்தைக் காசு வாங்காமல் கொடுத்துவிட்டுப் போனார்கள். இது உங்கள் மகாராஜா செலவில் போட்ட பிளேட்டு, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்களாம். மெட்னர் என்ற பெயர் எங்கள் வீட்டுக்குள் வந்தது அப்படித்தான்.

ஜெயசாமராஜர் 1919-இல் பிறந்தார். சின்ன வயதிலேயே கான்வென்ட் கன்னியாஸ்திரி ஒருவரிடம் பியானோ கற்றார். லண்டன் கில்ட்ஹால் இசைப்பள்ளியின் பட்டம் பெற்றார். மேடையில் வாசிக்கும் பியானோ கலைஞராக வேண்டும் என்ற ஆசை அவருக்கு உண்மையாகவே இருந்தது. 1940-இல் தந்தையும், அதே ஆண்டு பெரியப்பா நால்வடி கிருஷ்ணராஜ உடையாரும் இறந்துபோனார்கள். 21 வயதில் சிங்காசனம் ஏறினார். பியானோக் கலைஞன் ஆகும் கனவு அங்கே முடிந்தது. மிச்சம் இருந்தது கேட்பது. சுமார் 20,000 இசைத்தட்டுகளும் பல கச்சேரிப் பியானோக்களும் அவரிடம் இருந்தன.

மெட்னர் 1880-இல் மாஸ்கோவில் பிறந்தவர். இசையமைப்பாளர் ராக்மானினோவின் நெருங்கிய நண்பர். ராக்மானினோவ், பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் தன் நாலாவது கான்செர்ட்டோவை மெட்னருக்கும், மெட்னர் தன் இரண்டாவதை ராக்மானினோவுக்கும் சமர்ப்பித்தார்கள் என்றால் எவ்வளவு மதிப்பு பாருங்கள். 1921-இல் ரஷ்யாவை விட்டு வெளியேறி, ஜெர்மனி, பிரான்ஸ் என்று அலைந்து, 1930-களின் நடுவில் லண்டனில் குடியேறினார். காலம் அவரைத் தாண்டிப் போய்விட்டது. புதுமை எழுதவில்லை என்று ஒதுக்கினார்கள். யுத்தம் வந்து மாணவர்களும் வருமானமும் போயின. இதய நோயும் சேர்ந்துகொண்டது. அந்த நிலையில்தான் ஆயிரக்கணக்கான மைல் தாண்டி மைசூரிலிருந்து தொடர்பு வந்தது. உங்கள் இசை முழுவதையும் நீங்களே வாசித்துப் பதிவு செய்ய வேண்டும், செலவு என்னுடையது என்று மகாராஜா முன்வந்தார். மெட்னர் சொசைட்டி பிறந்தது. மெட்னர் தன் மூன்றாவது கான்செர்ட்டோவை மைசூர் மகாராஜாவுக்குச் சமர்ப்பித்தார்.

மூன்று கான்செர்ட்டோக்களும் 1947-இல் பதிவாயின. எங்கள் தெருக்கள் மைசூரோடு சேர்ந்த அதே ஆண்டு. இசைக்குழு ஃபில்ஹார்மோனியா. அதை 1945-இல் தொடங்கிய வால்டர் லெக், ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ் கம்பெனியின் பதிவு அதிகாரி. 1948-இல் மகாராஜா அவரை மைசூருக்கு வரவழைத்தார். அந்தச் சந்திப்பின் பலனாக ஃபில்ஹார்மோனியாவுக்கு ஆண்டுக்கு 10,000 பவுன் வீதம் மூன்று ஆண்டுகள் கிடைத்தது. அன்றைய மாற்று விகிதத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,33,000 ரூபாய். அதை வைத்து லெக் தன் இசைக்குழுவைக் காலூன்றச் செய்தார். இசை நடத்துநர் கராயன் அந்தக் குழுவோடு 1949-இல் பாலகிரெவின் முதல் சிம்பனியையும், ருசெலின் நாலாவது சிம்பனியையும், பார்டோக்கின் ஒரு பெரிய படைப்பையும் பதிவு செய்ததும் மைசூர் உதவியால்தான். யுத்தத்தில் நொறுங்கிக் கிடந்த ஐரோப்பாவில், விற்குமா விற்காதா என்று கம்பெனிகள் தயங்கிய இசைக்கெல்லாம் மைசூர் துணை நின்றது.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? சமஸ்தானத்துக் கஜானாவிலிருந்து. கஜானாவுக்கு நிலவரி வந்தது, சந்தனம் வந்தது, கோலார் தங்கத்தின் ராயல்டியும் வந்தது. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கிய அந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் ஆற்காடு, சேலம் பக்கத்திலிருந்து போன தமிழர்கள். அதிலும் தாழ்த்தப்பட்டவர்களே அதிகம். பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, தொட்டால் சுடும் பாறைக்கு நடுவே வேலை. பாறை வெடித்துச் செத்தவர்கள் உண்டு. தூசி நுரையீரலில் படிந்து இருமியே செத்தவர்கள் அதைவிட அதிகம். என் தாத்தா அந்த இரண்டாவது வகை. 1902-இல் சிவசமுத்திரத்து மின்சாரம் முதலில் போய்ச் சேர்ந்தது இந்தச் சுரங்கங்களுக்கு. பெங்களூருக்கு வெளிச்சம் வந்தது மூன்று வருஷம் கழித்து. தங்கம் கொடுத்த செல்வத்தில்தான் மைசூர் மாடல் சமஸ்தானம் என்று பேர் வாங்கியது. மெட்னர் பிளேட்டைக் கேட்கும்போதெல்லாம் அதில் எங்கள் தாத்தாவுக்கும் ஒரு பங்கு உண்டு என்று நான் எண்ணுவேன். இதை வருத்தத்தோடு மட்டும் சொல்லவில்லை, உரிமையோடும் சொல்கிறேன். அந்த இசை நமக்கும் சொந்தம். பிளேட்டின் அரக்கு கூட இந்தியக் காடுகளில் எடுத்ததுதான்.

இனி என்ன கேட்கலாம் என்று சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பன்னிரண்டு அங்குலப் பிளேட்டின் ஒரு பக்கத்தில் நாலு நிமிடம், மிஞ்சினால் நாலரை. 35 நிமிடக் கான்செர்ட்டோ என்றால் எட்டு ஒன்பது பக்கம். வாசிப்பவர் நாலு நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்த வேண்டும், மறுபடி அதே சூட்டோடு தொடங்க வேண்டும். ஒட்டிச் சேர்க்க வழி கிடையாது. ஓர் இடத்தில் பிசகினால் பக்கம் முழுவதும் திரும்ப வாசிக்க வேண்டும். அறுபத்தேழு வயதில், பலவீனமான இதயத்தோடு மெட்னர் இதைச் செய்தார். அவசரம் எங்கேயும் கேட்காது. அதுதான் எனக்குப் பெரிய வியப்பு.

முதலில் கான்செர்ட்டோக்களுக்குப் போக வேண்டாம். ‘கதைகள்’ என்று அவர் தலைப்பிட்ட சின்னப் பியானோ உருப்படிகளிலிருந்து தொடங்குங்கள். ஓபஸ் 20-இன் முதல் கதை, பி ஃப்ளாட் மைனர். ஒரே ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். பாட்டு மேலே போக, கீழே இடது கை தன் பாட்டுக்கு ஒரு விவாதம் நடத்தும். மெட்னர் எந்தச் சுரத்தையும் காதில் ஊட்டிவிட மாட்டார். நாமே தேடிப் போய்க் கேட்க வேண்டும். இரண்டாம் தடவைதான் பிடிபடும், மூன்றாம் தடவை விடாது.

அடுத்தது சொனாட்டா-வோகலிஸ். பாடியவர் மார்கரெட் ரிட்சி, பியானோ மெட்னர். தொடக்கத்தில் கோதேயின் ஒரு சிறு கவிதை வரும். அதன் பிறகு சொல்லே இல்லை, குரல் மட்டும். ஆலாபனை கேட்டுப் பழகிய நம் காதுக்கு மேல்நாட்டுக் குரலிசையில் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது. சுருதியும் போக்கும் வேறு என்றாலும், சொல்லின் துணை இல்லாமல் குரல் தனியே ஒரு வீட்டைக் கட்டி முடிப்பதை உடனே உணர்வீர்கள். பிறகு 1950-இல் எலிசபெத் ஷ்வார்ட்ஸ்காஃப் பாடிய மெட்னர் பாட்டுகள். மெட்னர் தன் மரணத்துக்கு ஒரு வருஷம் இருக்கும்போது வாசித்தவை. பக்கவாத்தியம் என்ற பேச்சே அங்கில்லை, பியானோவும் குரலும் சரிசமமாகப் பேசிக்கொள்ளும்.

எல்லாவற்றிலும் எனக்கு நெருக்கமானது பியானோ குயின்டெட். மெட்னர் இதை இளம் வயதில் எழுதத் தொடங்கினார். முடித்தது வாழ்நாளின் கடைசிப் பகுதியில், நாற்பது வருஷத்துக்கும் மேல் கழித்து. ஈயோலியன் குவார்டெட்டோடு அவரே வாசித்துப் பதிவு செய்தார். நல்ல வேளை. அச்சில் அது வந்தது அவர் இறந்த பிறகுதான். மரணப் பூசையின் பழைய மெட்டு ஒன்று உள்ளே தலை காட்டி, முடிவில் எல்லாம் தெளிந்த வெளிச்சமாகும். ஒரு மனிதன் தன் வாழ்நாள் நம்பிக்கையை ஐந்து வாத்தியத்தில் எழுதி வைத்தது அது. மைசூர்ப் பணம் வேறு எதற்குமே போகாமல் இந்த ஒரு பதிவுக்கு மட்டும் போயிருந்தாலும் வீண் இல்லை என்பேன்.

இவற்றுக்குப் பிறகு கான்செர்ட்டோக்கள். மூன்றாவதை, அதாவது நம் மகாராஜாவுக்குச் சமர்ப்பித்ததை, இஸ்ஸாய் டோப்ரோவென் நடத்த மெட்னர் வாசிக்கிறார். பழைய பதிவின் இரைச்சல் தொந்தரவாக இருந்தால் ஜெஃப்ரி டோசர் வாசித்த சாண்டோஸ் பதிவைக் கேளுங்கள். டோசர் ஆஸ்திரேலியர், ஆனால் பிறந்தது நம் மசூரியில். பதினான்கு சொனாட்டாக்களுக்கும் மார்க்-ஆந்த்ரே ஹாமெலின் போதும். ‘சொனாட்டா ரெமினிசென்ஸா’ மட்டும் எமில் கிலெல்ஸிடம்தான் கேட்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை.

மைசூருக்கு அனுப்பப்பட்ட அந்த 1950 கச்சேரிப் பதிவும் இன்றைக்குக் கிடைக்கிறது. இரைச்சலும் கீறலும் நிறைய. முதல் தடவையே அதைக் கேட்டால் மனம் ஒன்றாது. 1953-இல் ஷ்வார்ட்ஸ்காஃப் பாடி, ஆட்டோ ஆக்கர்மன் நடத்திய பதிவு ஒன்று உண்டு, அதே ஃபில்ஹார்மோனியா. ஸ்ட்ராஸின் நான்கு பாட்டுகளை முதலில் அதில் கேட்டு மனத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு ஃப்ளாக்ஸ்டாடிடம் வாருங்கள். பாட்டுகளின் வரிசை இன்று வழக்கத்தில் இருப்பதுபோல் இல்லை என்பதைக் கவனிப்பீர்கள். இரைச்சலுக்குப் பின்னால் அந்தப் பெரிய குரல் எழும்பி வரும்போது, கப்பலில் வந்த தட்டை வைத்துக்கொண்டு ஓர் இளம் மகாராஜா கேட்டது இதைத்தான் என்ற நினைவு வரும்.

நம் பக்கத்துக்கும் ஒன்று சொல்லாமல் முடிக்க முடியாது. சின்ன அறையில் சிலர் கூடி உட்கார்ந்து கேட்கும் இசை ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதா? மதராஸ் ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை மாலைகளில் தன் வீட்டிலேயே வாசிப்பார். மீட்டுகோல் கிடையாது, விரல் நுனிதான். அரியக்குடி, செம்மங்குடி தலைமுறை வித்வான்கள் மூச்சு விடும் சத்தம் கூட வராமல் உட்கார்ந்து கேட்ட இசை அது. 1938-இல் இறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்னால் கொலம்பியா கம்பெனி அவரைப் பதிவு செய்தது. அந்தச் சில பக்கங்களை மெட்னரின் ‘கதைகள்’ கேட்ட அதே இரவில் கேட்டுப் பாருங்கள். இருவருமே சபையைப் பார்த்து வாசிக்கவில்லை. தனம்மாளின் பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் பாடிய பதங்கள் அதே வீட்டு இசையின் தொடர்ச்சி.

ஜெயசாமராஜரும் வீணை வெங்கடகிரியப்பாவிடம் வீணை பயின்றவர். பின்னாளில் அவர் மனம் முழுக்கவே கர்நாடக இசைக்குத் திரும்பியது. ஸ்ரீவித்யா முத்திரையோடு 94 கீர்த்தனைகள் இயற்றினார். கம்பீரநாட்டையில் ‘ஸ்ரீ ஜாலந்தரம்’ இன்றும் கச்சேரிகளில் பாடப்படுகிறது.

மெட்னரின் எல்லாப் படைப்புகளும் என்ற திட்டம் முடியவில்லை. சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது, அரசருக்கு மான்யம் என்று ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய் நிர்ணயமானது, கஜானா அவர் கையை விட்டுப் போனது. மெட்னர் 1951 நவம்பரில் இறந்தார். இன்னொரு அடியும் விழுந்தது. அமெரிக்காவில் 1948-இலேயே எல்.பி. வந்துவிட்டது, இங்கிலாந்தில் ஹெச்.எம்.வி. 1952-இல் மாறியது. மெட்னர் ஆல்பங்கள் வெளிவந்த சூட்டிலேயே பழசாகிவிட்டன. பல ஆண்டுகள் சேகரிப்பாளர்கள் கையில் மட்டுமே இருந்து, பிறகுதான் சிடியாக உயிர் பெற்றன. ஜெயசாமராஜர் 1974 செப்டம்பரில், எங்கள் தெருவிலிருந்து நடந்து போகும் தூரத்து அரண்மனையிலேயே காலமானார். கோலார் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன.

சிவாஜிநகர், ஹலசூர், ஃபிரேசர் டவுன் பக்கம் பழைய வீடு இடிக்கும்போதெல்லாம் பரணிலிருந்து பிளேட்டுகள் இறங்குகின்றன. எடைக்குப் போடாதீர்கள். பெங்களூரிலேயே ஆர்க்கைவ் ஆஃப் இந்தியன் மியூசிக் பழைய இசைத்தட்டுகளை மின்வடிவாக்கிப் பாதுகாக்கிறது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. வைத்துக்கொள்வதானால் படுக்கப்போட்டு அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். தூசியை மெல்லிய துணியால் துடையுங்கள், ஸ்பிரிட் மட்டும் படவே கூடாது. அரக்கு கரைந்துவிடும்.